காட்டின் மூச்சுக்கும் கணக்கு வேண்டும்

மனிதர்களால் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறக்குறையப் பாதிதான் காற்றில் தங்குகிறது. மீதியைத் தாவரங்களும் மண்ணும் கடலும் உள்வாங்கிக்கொள்கின்றன. ‘நிகர பூஜ்ய உமிழ்வு’ என்று இலக்கு அறிவிக்கும் அரசுகள், இந்த உதவி என்றும் தொடரும் என்று நம்பியே கணக்குப் போடுகின்றன. வெப்பம் கூடக் கூடக் காடும் மண்ணும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்குமா என்பதை முன்கூட்டிச் சோதிக்க நம்மிடம் உள்ள முதன்மையான கருவி, உயிரினங்களின் இயக்கத்தை விவரிக்கும் கணித மாதிரிகள். பருவநிலைக் கொள்கையின் நடுவில் அவை இடம்பெற வேண்டும்.

1980-இல் கிரஹாம் ஃபார்குவார், சுசான் வான் கெம்மெரர், ஜோசஃப் பெர்ரி ஆகிய மூவரும், ஒளியும் வெப்பமும் கரியமில வாயுவும் மாறும்போது ஓர் இலையின் ஒளிச்சேர்க்கை எப்படி மாறுகிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். இன்றைய புவி மாதிரிகள் பலவற்றில் காட்டின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2000-இல் பிரிட்டனின் பீட்டர் காக்ஸும் சக விஞ்ஞானிகளும் உயிர்ச்சூழலைப் பருவநிலை மாதிரியோடு இணைத்தபோது, 2100-க்குள் 4 டிகிரி என்றிருந்த வெப்ப உயர்வு 5.5 டிகிரி ஆனது. வெப்பத்தால் மண்ணிலுள்ள மட்கு வேகமாகச் சிதையும், அமேசான் காடு வறண்டு மடியும், 2050 வாக்கில் நிலம் கரியமில வாயுவை வெளியிடத் தொடங்கிவிடும் என்றது அந்த மாதிரி.

இத்தகைய மாதிரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2006-இல் 11 மாதிரிகளை ஒப்பிட்டபோது, வெப்ப உயர்வின் விளைவாக இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் காற்றில் கூடுதலாகச் சேரும் கரியமில வாயு, பத்து லட்சத்துக்கு 20 பங்கு முதல் 200 பங்கு வரை வேறுபட்டது. ஆனால், வெப்பம் ஏற ஏற நிலத்தின் உள்வாங்கும் திறன் குறையும் என்பதில் பதினொன்றும் ஒன்றுபட்டன. புயல் எந்த ஊரில் கரையைக் கடக்கும் என்று உறுதியாகத் தெரியாதபோதும் மீனவர்கள் படகை எடுப்பதில்லை. அந்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும். 2021-இல் லூசியானா காட்டி குழுவினர், 2010 முதல் 2018 வரை விமானத்திலிருந்து சேகரித்த காற்றை ஆராய்ந்து, தென்கிழக்கு அமேசான் உள்வாங்குவதைவிட அதிகமாகக் கரியமில வாயுவை வெளியிடுவதைக் காட்டினார்கள். அதில் காடழிப்புக்கும் தீக்கும் பெரும் பங்குண்டு. காட்டின் உதவி நிரந்தரமல்ல என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

உயிரைச் சமன்பாட்டுக்குள் அடைக்க முடியாது என்பது இன்னொரு மறுப்பு. முழுமையாக அடைக்க முடியாதுதான். அதனால்தான் மாதிரிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. மண்ணில் நைட்ரஜன் போதாவிட்டால், கரியமில வாயு எவ்வளவு மிகுந்தாலும் மரம் அதற்கேற்ப வளராது என்ற உண்மை பின்னர் சேர்க்கப்பட்டது. அப்போது காடுகள் மீது வைத்திருந்த எதிர்பார்ப்பு குறைந்தது. மாதிரியின் பிழையைக் களைவது கள அளவீடு. காட்டுக்கும் காற்றுக்கும் இடையே வாயுப் பரிமாற்றத்தை அளக்கும் கோபுரங்கள் அதற்கு உதவுகின்றன. பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் அத்தகைய அளவீடு நடந்திருக்கிறது. வெப்பமண்டல நாடுகள் அனைத்திலும் இப்பணி நீண்ட காலம் தடையின்றி நடக்க அரசுகள் நிதி ஒதுக்க வேண்டும். தரவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும். மரம் நட்டு உமிழ்வை ஈடுகட்டுவதாகச் சொல்லும் ஒவ்வொரு திட்டமும், வெப்பம் மிகுந்த எதிர்காலத்தில் அந்த மரங்கள் நிலைக்குமா என்பதற்கு மாதிரிகளின் துணையோடு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராதவரை, நட்ட மரங்களைக் காட்டி நிலக்கரி எரிப்பதை நியாயப்படுத்த எவரையும் அனுமதிக்கக் கூடாது.