பழைய வண்டி கொதிக்கத்தான் செய்யும் என்னும் பொய்

அம்பாசிடர் காரைப் பற்றிய நினைவேக்கக் கட்டுரைகளுக்கு இப்போது பஞ்சமில்லை. 1957-இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தொடங்கிய உற்பத்தி 2014-இல் நின்றுபோனபின் அவை பெருகிவிட்டன. அவற்றில் தவறாமல் ஒரு காட்சி வரும். நடுவழியில் வண்டி நிற்கும், பானெட் திறக்கப்படும், ஆவி எழும், அப்பா வாளியுடன் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு நடப்பார். கொதிப்பது அந்த வண்டியின் சுபாவம் என்று எழுதுகிறவரும் நம்புகிறார், வாசிக்கிறவரும் நம்புகிறார். நாங்கள் இதை மறுக்கிறோம். கொதிப்பு ஒரு நோய்க்குறி. அதற்குக் காரணம் உண்டு. காரணத்தைக் கண்டறிய முறையும் உண்டு.

எதிர்வாதம் தெரிந்ததுதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழித்தோன்றல் இவ்வண்டி. இங்கிலாந்தின் குளிருக்கென வரையப்பட்டது நம் கோடையைத் தாங்குமா என்கிறார்கள். அப்படியானால் கல்கத்தாவின் டாக்ஸிகள் பல பத்தாண்டுகள் மே மாத நெரிசலில் ஊர்ந்து பிழைப்பு நடத்தியது எப்படி? வெயில் ஏற ஏற ரேடியேட்டரின் வேலை கடினமாகும் என்பது மெய். ஆனால் ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைக் காத்தாலே நீரின் கொதிநிலை ஏறத்தாழ 110 டிகிரிக்கு உயர்ந்துவிடும். அதற்கு மேலும் கொதிக்கிறதென்றால் பழுது எங்கோ ஒளிந்திருக்கிறது.

கட்டுரையாளர்கள் கொண்டாடும் அந்த வாளிக்கு வருவோம். கடின நீரிலுள்ள சுண்ணாம்பு எஞ்சினின் நீர்ப்பாதைகளிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படலமாகப் படிகிறது. உலோகத்தின் வெப்பம் நீருக்குச் சேராமல் அப்படலம் தடுக்கிறது. காய்ந்து கிடக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசலும் விழக்கூடும். இன்றைய கொதிப்புக்கு மருந்தென்று ஊற்றிய வாளிதான் நாளைய கொதிப்புக்கு விதை.

பட்டறைகளின் பங்கும் சிறிதல்ல. வண்டி சூடாகிறது என்றதுமே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது அங்கே சடங்காகிவிட்டது. சுமார் 82 டிகிரியில் திறந்து நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் சிறு கதவு அது. ஒழுங்காக இயங்குமானால், நீர் கொதிக்கும் வேளையில் அது ஏற்கெனவே திறந்துதான் இருக்கும், கழற்றி ஆவதென்ன? திறக்காமல் சிக்கிக்கொண்டதென்றால் புதியதைப் பொருத்துவதே பரிகாரம். எதுவென்று அறிய ஒரு பாத்திரம் சுடுநீரும் ஒரு வெப்பமானியும் போதும். அது இல்லாத எஞ்சின், குளிர்ந்த காலையில் உரிய சூட்டை எட்டாமலே ஓடித் தேய்கிறது.

ஆராய்கிறவன் முதலில் கேட்கவேண்டியது, வண்டி எப்போது கொதிக்கிறது என்பதே. நெரிசலில் நின்றபடி ஓடுகையில் மட்டும் கொதித்தால் காற்றோட்டத்தைச் சந்தேகிக்கலாம்: ஃபேன், தளர்ந்த பெல்ட், பூச்சியும் தூசியும் அடைத்த ரேடியேட்டர் முகம். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் கொதித்தால் நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும்: அடைபட்ட குழாய்கள், தேய்ந்த வாட்டர் பம்ப். கிளம்பிய சில நிமிடங்களிலேயே கொதித்து, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் எழுந்தால் ஹெட் கேஸ்கெட் மீது ஐயம் கொள்ளவேண்டும். இக்னிஷன் டைமிங் பின்தங்கினாலும் எஞ்சின் காயும். அதற்கு ரேடியேட்டரைக் குறைசொல்லிப் பயனில்லை. இவை அனைத்துக்கும் முன்னால், முள் மெய் சொல்கிறதா என்று இன்னொரு வெப்பமானியால் சரிபார்ப்பது அறிவுடைமை.

எங்கள் நண்பர் ஒருவரின் வண்டி திண்டிவனம் தாண்டினால் கொதிக்கும். ஊருக்குள் சாதுவாக ஓடும். ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் போயிற்று, இன்னொன்றில் புது ரேடியேட்டர் வந்தது, கொதிப்பு நிற்கவில்லை. காயலான் கடைக்குத் தள்ளிவிடச் சொல்லிக் குடும்பமே நெருக்கியது. கடைசியில் ஒரு முதிய மெக்கானிக், பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை முடுக்கச் சொல்லி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் ஏறியதும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், உறிஞ்சப்பட்டுத் தட்டையாக ஒட்டிக்கொண்டது. வேகம் குறைந்ததும் ஒன்றுமறியாததுபோல் உப்பிக்கொண்டது. ரப்பர் தளர்ந்திருந்தது, மூடியும் அழுத்தத்தைக் காக்கவில்லை. புது ரேடியேட்டர் போட்டவர்கள் பழைய ஹோஸையும் பழைய மூடியையுமே திருப்பி மாட்டியிருந்தார்கள். இரண்டையும் மாற்றியதோடு விவகாரம் தீர்ந்தது.

அந்த முதியவர் செய்ததெல்லாம் வண்டியைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பொறுமையாகப் பார்த்தது மட்டுமே. அந்தப் பொறுமை இல்லாதவர்கள்தாம் வயதின்மீது பழிபோடுகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு, ஒரு ஹோஸின் விலைக்குப் பிழைத்திருக்கவேண்டிய வண்டிகள் இரும்பு விலைக்குப் போகின்றன. அதற்குப் பிறகு அவற்றைப் பற்றி உருக்கமாகக் கட்டுரை எழுதுகிறோம்.

அடுத்த முறை ஆவி எழும்போது எஞ்சினை நிறுத்துங்கள். ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். வாளியைத் தேடுவதற்குமுன், எந்த வேகத்தில், எத்தனை தூரம் ஓடியபின் கொதித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.