ஊசி வந்தது, பேச்சு வரவில்லை

வருமுன் காப்பதே அறிவுடைமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், வருமுன் காக்கும் வாய்ப்பு வீட்டு வாசலுக்கே வந்த பின்னரும் அதைப் பற்றி வாய் திறக்கத் தயங்குகிறோமே, ஏன்? கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றித்தான் கூறுகிறேன்.

மலேசியாவில் 13 வயது மாணவியருக்குப் பள்ளியிலேயே இத்தடுப்பூசியை இலவசமாகப் போடும் திட்டம் 2010-இல் தொடங்கியது. ஆகவே, இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் நாம் அந்த வாய்ப்பைப் பெற்ற தலைமுறையினர். எனினும், விடுதித் தோழியரிடம் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில்கள் வியப்பளித்தன. "படிவம் ஒன்றில் ஏதோ ஊசி போட்டார்கள், எதற்கென்று தெரியாது" என்றாள் ஒருத்தி. "பிள்ளை பிறக்காமல் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம், அம்மா பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை" என்றாள் மற்றொருத்தி. "கல்யாணமே ஆகவில்லை, நமக்கு எதற்கு?" என்று சிரித்தாள் இன்னொருத்தி.

உண்மை என்ன? கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. கிருமியால் வருபவை. இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாவ்சென் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இக்கிருமி பாலுறவின்வழி பரவுகிறது. பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கிவிட்டால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறலாம். தடுப்பூசியோ ஏற்கெனவே தொற்றிய கிருமியை விரட்டாது. கிருமி அண்டுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பயன் கிட்டும். அதனால்தான் 13 வயது. 'கல்யாணமாகவில்லை' என்பது ஊசியைத் தள்ளிப்போடும் காரணமன்று, போட்டுக்கொள்வதற்கான காரணம்! இது பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்பதற்கும் சான்று ஏதும் இல்லை.

நம் சமூகத்தின் முரண்பாட்டை எண்ணிப் பாருங்கள். அதே 12, 13 வயதில் பெண் பூப்பெய்தினால் மண்டபம் எடுக்கிறோம். படம் போட்டு அழைப்பிதழ் அச்சடிக்கிறோம். ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு விழா நடத்துகிறோம். அவள் உடலில் நிகழ்ந்த மாற்றத்தை ஊரறியச் சொல்லும் நமக்கு, அவ்வுடலைக் காக்கும் ஊசியைப் பற்றி அவளிடம் தனியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஊசி போட்டால் பிள்ளை தடம் மாறிவிடுவாள் என்று அஞ்சும் பெற்றோரும் உண்டு. ஒழுக்கம் வளர்ப்பினால் வருவது; நோய் பயத்தினால் வருவதன்று. மேலும், ஒழுக்கமாக வாழும் பெண்ணுக்கும் கணவர்வழி இக்கிருமி வரலாம்.

தோழியரே, உங்களுக்கு ஊசி போடப்பட்டதா என்று இன்றே அம்மாவிடம் கேளுங்கள். தவறவிட்டிருந்தால் மருத்துவரை நாடுங்கள். பள்ளியில் இலவசமாகக் கிடைத்தது தனியார் கிளினிக்கில் பல நூறு ரிங்கிட் ஆகும். ஆயினும் காலம் கடந்துவிடவில்லை. போட்டுக்கொண்டவர்களும் பின்னாளில் பரிசோதனையைத் தவிர்க்கக்கூடாது. தடுப்பூசி எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை. இவ்வூசி கிடைக்காத தலைமுறையினரான நம் அம்மாவுக்கும் அத்தைக்கும் பரிசோதனையே கவசம். கூச்சம் தடுக்கிறதா? பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறை 2018 முதல் மலாயாப் பல்கலைக்கழகம் பங்கேற்ற 'ரோஸ்' திட்டத்தின்வழி இங்கு அறிமுகமாகியுள்ளது.

சகோதரர்களே, இது பெண்கள் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இக்கிருமி ஆண்களுக்கும் தொண்டைப் புற்றுநோய் போன்றவற்றைத் தருகிறது. ஆஸ்திரேலியா 2013 முதலே மாணவர்களுக்கும் இவ்வூசியைப் போட்டு வருகிறது.

ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கலை இரவும் நடத்தும் நம் தமிழ்க் கழகங்கள், தாய்மார்களை அழைத்துத் தமிழிலேயே ஒரு மருத்துவ விளக்கவுரை நடத்தினால் என்ன? தாய்மொழியில் பேசத் தொடங்கினால் பாதிக் கூச்சம் விலகும். அடுத்த முறை அந்தப் பாரம் ஒரு தமிழ் வீட்டுக்குப் போகும்போது, அதில் கையெழுத்திடும் தாய் காரணம் அறிந்து கையெழுத்திடட்டும். அதற்கு வழி செய்வது படித்த நம் கடமை.