லாக் கோப்பைப் படித்தோமா?

மூன்றாமாண்டு, கணிப்பொறி அறிவியல்

சர்வர் நின்றுபோனால் நாம் முதலில் செய்வது என்ன? அணைத்துவிட்டு மீண்டும் இயக்குவது. ஓடிவிட்டால் மகிழ்ச்சி, ஓடாவிட்டால் யார் மீதாவது பழி. இவ்விரண்டுக்கும் நடுவே செய்யவேண்டியதை மட்டும் நாம் செய்வதேயில்லை.

சென்ற கோடை விடுமுறையில் ஓர் அலுவலகத்திற்குப் பயிற்சிக்காகச் சென்றிருந்தேன். பொதுமக்கள் கட்டணம் செலுத்துவதற்கான மென்பொருள் அங்கே டாம்கேட் சர்வரில் ஓடியது. நாள்தோறும் நண்பகலில் திரை உறைந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. வெளியே வெயிலில் நீண்ட வரிசை. மறுபடி இயக்கினால் சரியாகும். மறுநாள் அதே கதை. சர்வர் அறையைப் பெருக்கும் அம்மாள் ஏதோ ஒயரை இழுத்துவிடுகிறார் என்று ஒருவர் சொல்ல, அதுவே உண்மையாகிவிட்டது. அவரை அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வேலை ஒன்றும் தராததால் லாக் கோப்பைத் திறந்தேன். சர்வர் நின்ற நேரத்து வரிகளையே முதலில் தேடினேன், ஒன்றுமில்லை. பிறகுதான் அது இயங்கத் தொடங்கிய நேரத்து வரிகளுக்குப் போனேன். அங்கே ஓர் எச்சரிக்கை தினந்தோறும் பதிவாகிக் கொண்டிருந்தது! ‘மேக்ஸ்ஆக்டிவ்’ என்ற பெயர் இப்போது செல்லாது, ‘மேக்ஸ்டோட்டல்’ என்று எழுதவேண்டும், நீங்கள் கொடுத்த 100 ஏற்கப்படவில்லை, இயல்பான அளவு 8 என்பது அதன் சாரம்.

டாம்கேட் 7-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2021 மார்ச் 31-இல் முடிந்ததால் 9-ஆம் பதிப்புக்கு மாறியவர்கள், பழைய அமைப்புக் கோப்பை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். டேட்டாபேஸுக்கு 100 இணைப்புகள் உண்டென்று அவர்கள் நம்ப, கிடைத்ததோ எட்டே எட்டு! எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் குறிக்கும் சொல்லும் மாறியிருந்தது. அதனால் ஒன்பதாவதாக வந்தவர் முடிவின்றிக் காத்திருந்தார். பிழைச் செய்தி வராததற்கும் அதுவே காரணம்.

கோப்பை நகலெடுத்துக்கொண்டு பெயர்களைத் திருத்தினோம். ஆனால் எட்டும் ஏன் தீர்ந்தன? நிரலில் ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் இணைப்பை மூடாமலே வெளியேறியது. பழைய 100 அந்தக் கசிவை மறைத்து வந்திருக்கிறது. திரும்பிவராத இணைப்பை வாங்கிச் சென்றது எந்த வரி என்று எழுதிவைக்க அமைப்புக் கோப்பிலேயே கட்டளையிடலாம். இட்டோம்; மறுநாளே வரி எண்ணோடு சிக்கியது.

நம் ரெக்கார்டு நோட்டுகளில் வெற்றிபெற்ற நிரல்கள் மட்டுமே இருக்கின்றன. பழுதான சர்வர் ஒன்றைக் கொடுத்து, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் செய்முறைத் தேர்வு நமக்கு ஏன் கூடாது? ‘பாடத்திட்டத்தில் இல்லை’ என்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும், ஐயா! தமிழ்வழியில் படித்துவந்த நம்மில் பலர் ஆங்கிலத்தில் நீளும் பிழை வரிகளைக் கண்டு மிரள்கிறோம். இருநூறு வரிகளையும் படிக்கத் தேவையில்லை. ஜாவாவில் ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் கடைசி வரியையும், அதன்கீழ் நம் நிரலின் பெயர் வரும் முதல் வரியையும் பார்த்தால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும்.

பயிற்சி முடிந்து நான் கிளம்பிய நாளிலும் அந்த அம்மாள் வெளித் தாழ்வாரத்தைத்தான் பெருக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். “நான் அந்த ஒயரைத் தொட்டதே இல்லையே தம்பி” என்றார்.