புற்றுநோய் போயே போச்சு!

மாசத்துக்கு ஒரு தடவையாவது நம்ம ஊர் நாளிதழ்களில் புற்றுநோய் ஒழிந்துவிடுகிறது. நாலாம் பக்கம், ஓரத்தில், ரெண்டு பத்திச் செய்தி. "மூலிகையில் புற்றுநோய்க்கு மருந்து: பல்கலைக்கழகப் பேராசிரியர் சாதனை." கூடவே ஒரு போட்டோ. வெள்ளைக் கோட்டு போட்ட பேராசிரியர், கையில் பச்சைத் தண்ணி ஊற்றிய குடுவை, பக்கத்தில் பொன்னாடையோடு துணைவேந்தர், பின்னால் பாதி முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு ஆராய்ச்சி மாணவி. அந்தப் பச்சைத் தண்ணியைக் காய்ச்சியது அந்தப் பெண்தான் என்று பந்தயமே கட்டுவேன். செய்தியில் அவள் பேர் இருக்காது.

உயிரியல் துறையில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் என்பதால் இந்தச் செய்தி வந்த அன்றைக்கெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வரும். முன்னெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு சித்தி, "ஏம்ப்பா, ஊசியை நிறுத்திட்டு இந்தச் சாறைக் குடிச்சுப் பாக்கலாமா? பேப்பர்லயே போட்டிருக்கான்" என்று கேட்ட பிறகு சிரிப்பு வருவதில்லை. அதனால் இன்றைக்கு இந்த இலைச்சாறு விஞ்ஞானத்தைக் கொஞ்சம் துவைத்துக் காயப்போடலாம் என்று இருக்கிறேன்.

முதலில் அந்த லேபில் என்னதான் நடந்தது என்று பார்ப்போம். ஏதோ ஒரு செடியின் இலையை நிழலில் உலர்த்திப் பொடி பண்ணுவார்கள். மெத்தனாலில் சாறு இறக்குவார்கள். 96 குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் புற்றுநோய் செல்களை வளர்த்து, குழிக்குக் குழி வேறு வேறு அளவில் சாறை ஊற்றி ஒரு நாளோ ரெண்டு நாளோ வைப்பார்கள். அப்புறம் எம்.டி.டி. என்கிற மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதா நிறமாக மாற்றும். ஊதா குறைந்திருந்தால் செல் செத்துவிட்டது என்று கணக்கு. பாதி செல்லைக் கொல்ல எவ்வளவு சாறு வேண்டும் என்பதுதான் ஐ.சி.50. இந்தச் சோதனையை 1983ல் மாஸ்மன் என்பவர் எழுதிவைத்தார். நல்ல சோதனை, மலிவு. செல்லும் சாறும் தயாராக இருந்தால் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். அங்கேதான் வினையே.

தட்டில் கிடக்கும் செல்லைக் கொல்வது ஒரு கம்பசூத்திரமே இல்லைங்க. உப்பை அள்ளிப் போட்டாலும் சாகும், வினிகர் ஊற்றினாலும் சாகும். நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்ட செல்லை மட்டும் கொல்கிறதா, அதுவும் எவ்வளவு குறைந்த அளவில் என்பதுதான் கேள்வி. கச்சாச் சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்தால்தான் மேற்கொண்டு பார்க்கலாம் என்பது இந்தத் துறையில் பழைய அளவுகோல். நம்மாட்கள் 250, 300 என்று வந்தாலும் "குறிப்பிடத்தக்க செயல்திறன்" என்று எழுதிவிடுவார்கள். இன்னொரு கூத்து. இலைச்சாற்றில் இருக்கிற பாலிஃபீனால்கள் எம்.டி.டி. சாயத்தைத் தாங்களே ஊதாவாக்கிவிடும், செல்லே தேவையில்லை. செல் இல்லாத குழியில் வெறும் சாறை மட்டும் ஊற்றிப் பார்த்தீர்களா என்று வைவாவில் கேட்டுப் பாருங்கள். மாணவர் கைடைப் பார்ப்பார், கைடு மின்விசிறியைப் பார்ப்பார்.

அதைவிடப் பெரிய கொடுமை செல்லின் அடையாளம். 1951ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுத்து வளர்த்ததுதான் ஹீலா செல். கருவேல முள் மாதிரி, விட்ட இடமெல்லாம் மண்டிவிடும். பல லேப்களில் மற்ற செல் வளர்ப்புகளுக்குள் புகுந்து அவற்றை அழித்துவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டது. 1966லேயே ஸ்டான்லி கார்ட்லர் இதை மேடை போட்டுச் சொல்லிவிட்டார். வாய்ப் புற்றுநோய் செல் என்று கே.பி., தொண்டைப் புற்றுநோய் செல் என்று ஹெப்-2, "ஆரோக்கியமான கல்லீரல் செல்" என்று சாங் லிவர், மூணுமே நிஜத்தில் ஹீலாதான். இன்றைக்கும் "எங்கள் சாறு புற்றுநோய் செல்லைக் கொல்கிறது, ஆரோக்கியமான கல்லீரல் செல்லை ஒன்றும் செய்வதில்லை" என்று சாங் செல்லைக் காட்டி எழுதுகிற கட்டுரைகள் இருக்கின்றன. புற்றுநோய் செல்லுக்கு ஒப்பிடப் புற்றுநோய் செல்லையே வைத்துவிட்டு, மருந்து நல்லதை விட்டுக் கெட்டதைக் கொல்கிறதாம்!

உடனே "மூலிகை என்றாலே உங்களுக்கு இளக்காரம்" என்று சண்டைக்கு வராதீர்கள். நம்ம ஊரில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கி வைத்திருக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் வந்தன. சர்க்கரை வியாதிக்கு ஆகுமா என்று கனடாவில் சாறைச் சோதித்தபோது எலிகளின் வெள்ளையணு சரிந்ததைக் கவனித்து, விடாமல் துரத்திப் பிடித்த கதை அது. ரத்தப் புற்று வந்த எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். டாக்சால் இருக்கிறதே, 1962ல் ஒரு மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள், 1971ல் மூலக்கூறின் அமைப்பு தெரிந்தது, 1992ல்தான் மருந்தாக அனுமதி. முப்பது வருஷம். இலையிலிருந்து மருந்து கட்டாயம் வரும். ஆனால் மெத்தனால் சாறில் நிற்காது. அதைப் பிரித்து, எந்த மூலக்கூறு என்று கண்டுபிடித்து, எலிக்குக் கொடுத்து, மனுஷனுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நம்மாட்கள் முதல் படியில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்த செடியைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

ஏன் போகிறார்கள்? முட்டாள்களா? இல்லவே இல்லை. இவர்களில் பலர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். கணக்கு அப்படிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2010ல் யூ.ஜி.சி. ஏ.பி.ஐ. என்று ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. ரெஃபரி பார்த்த இதழில் ஒரு கட்டுரைக்கு 15, பார்க்காத இதழுக்கும் 10! 2018ல் மாற்றினார்கள், அறிவியல் கட்டுரைக்கு 8. எண்தான் மாறியது, எண்ணுகிற புத்தி மாறவில்லை. பதவி உயர்வா, கட்டுரை எத்தனை? ஆராய்ச்சி மாணவரை எடுக்க வேண்டுமா, கட்டுரை எத்தனை? நாக் குழு வருகிறதா, ஒவ்வொரு துறையும் ஐந்து வருஷக் கட்டுரைப் பட்டியலை நாளை மாலைக்குள் தரவும். (நாக் வரும்போது வராந்தாவில் முளைக்கும் பூந்தொட்டிகளைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். அதில் ஒன்றும் நித்தியகல்யாணி.) எனக்கு வருகிற படிவத்தில் கட்டுரைத் தலைப்பு, இதழ், ஐ.எஸ்.எஸ்.என்., இம்பாக்ட் ஃபேக்டர் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.

எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை செய்து கொடுக்கக் கடை திறப்பார்கள்தானே? 2013ல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் போஹனன் ஒரு காரியம் செய்தார். லைக்கன் ஒன்றிலிருந்து எடுத்த மூலக்கூறு புற்றுநோய் செல்லைக் கொல்கிறது என்று ஒரு போலிக் கட்டுரை. வேண்டுமென்றே மொத்த ஓட்டையும் வைத்து எழுதி 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அனுப்பிய இதழ்களில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில் இருந்து நடப்பவை. போலிக் கட்டுரை எழுத அவர் தேர்ந்தெடுத்த விஷயம் எது பார்த்தீர்களா? நம்ம நாலாம் பக்கச் செய்தியேதான். யூ.ஜி.சி.யும் 2018 மே மாதம் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. அதுவரை அந்தப் பட்டியலைக் காட்டி மதிப்பெண் வாங்கியவர்கள் வாங்கியதுதான். பிறகு கேர் என்று இன்னொரு பட்டியல், 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டாயிற்று. இனி எது நல்ல இதழ் என்று கல்லூரிகளே முடிவு பண்ணிக்கொள்ளலாமாம். பூனையைக் கூப்பிட்டுப் பாலுக்குக் காவல் வைத்த கதை.

இதில் நசுங்குவது போட்டோவில் பாதி முகம் தெரிந்த அந்தப் பெண். ஜே.ஆர்.எஃப். தேறியவர் என்றால் பரவாயில்லை, 2019ல் 31,000 ஆக இருந்த உதவித்தொகை 2023லிருந்து 37,000. அதுவும் மாசாமாசம் வந்தால் சரி. தேறாதவர்களில் நிறையப் பேர் கைக்காசு, வீட்டுக்காசு, பகுதிநேர டியூஷன். மூணு கட்டுரை இல்லாமல் சினாப்சிஸில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிற கைடு. ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யூ.ஜி.சி. 2022லேயே எடுத்துவிட்டது. எங்க மாதிரி இடங்களில் கேட்பது மட்டும் நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி குளத்து நத்தைகளை வைத்து வேலை செய்தாள். எந்த நத்தையில் எந்தப் புழு ஒட்டுண்ணி, எந்த மாசத்தில் என்று பார்க்கிற வேலை. மழைக்காலம் தவறினால் ஒரு வருஷம் போச்சு. நாலு வருஷத்தில் ஒரே ஒரு கட்டுரை, ஆனால் அதைப் படித்துவிட்டு வெளியூர்க் கால்நடை மருத்துவர்கள் அவளுக்குக் கடிதம் எழுதினார்கள். கமிட்டியில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒண்ணுதானாம்மா? ஏதாவது எக்ஸ்ட்ராக்ட் போட்டு ரெண்டு எம்.டி.டி. பண்ணிச் சேர்த்துடுங்களேன்" என்றார். நத்தையிலிருந்து சாறு! அவள் பண்ணவில்லை. பட்டமும் ரெண்டு வருஷம் தள்ளிப் போயிற்று. இப்போது மணிக்கணக்குச் சம்பளத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறாள். ஆமாம், தாவரவியல். படித்தது விலங்கியல்.

துணைவேந்தர் போட்டோவில் ஏன் நிற்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் நாற்காலிக்கு மூணு வருஷம்தான் ஆயுள். அதற்குள் செய்தி வேண்டும். நாற்காலியே காலியாக இருக்கிற இடமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது, அடுத்தவரைப் போடுவது யார் என்று ஆளுநரும் அரசும் மல்லுக்கட்டியதில் வருஷக்கணக்காக ஒரு குழுதான் கையெழுத்துப் போட்டது. இதற்கு நடுவில் 2024ல் 424 கோடி வரி பாக்கி என்று வருமான வரித்துறை வங்கிக் கணக்குகளையே முடக்கியது. கணக்கு முடங்கினால் லேபில் முதலில் நிற்பது என்ன தெரியுமா? திரவ நைட்ரஜன். அது வராவிட்டால் உறைய வைத்த செல்லெல்லாம் தானாகச் செத்துப்போகும். இலைச்சாறு கூடத் தேவையில்லை.

இதே பல்கலைக்கழகத்தில்தான் 1952ல் ஜி.என். ராமச்சந்திரன் வந்து சேர்ந்தார். துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார், தொழிலால் மகப்பேறு மருத்துவர். இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு முதலில் சி.வி. ராமனைக் கேட்டார், ராமன் இந்த இளைஞரைக் கைகாட்டினார். முப்பது வயசுகூட ஆகவில்லை. எத்தனை பாயின்ட் என்று யாரும் கேட்கவில்லை. தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாரை வாங்கி வந்து, 1954ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் புரதத்தின் மூன்றிழை அமைப்பை 'நேச்சர்' இதழில் எழுதினார். அணுக்கள் ரொம்ப நெருக்கமாக இருக்கின்றன, இது ஆகாது என்று கிரிக்கும் ரிச்சும் மறுத்தார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று உட்கார்ந்து தேடப் போனதில்தான் 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து போட்ட அந்த வரைபடம் பிறந்தது. உலகத்தில் எந்தப் புரதத்தின் அமைப்பைத் தீர்த்தாலும் இன்றைக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். எதிராளியின் ஒரு கேள்விக்கு எட்டு வருஷம் கழித்து வந்த பதில் அது. முதலியார் 27 வருஷம் துணைவேந்தராக இருந்துவிட்டு 1969ல் விலகினார். ராமச்சந்திரன் 1970ல் சென்னையை விட்டுக் கிளம்பிவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை, வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவே.

"அவர் மேதை, எல்லாரையும் அவரோடு ஒப்பிடலாமா?" என்பார்கள். மேதையை யார் கேட்டது? நத்தைப் பெண்ணுக்கு ரெண்டு மழைக்காலம் கூடுதலாகக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பதவி உயர்வுக்கு வருகிறவரிடம் எண்பது கட்டுரைப் பட்டியல் வாங்காதீர்கள். அவருக்கே பிடித்த மூணை மட்டும் கொண்டுவரச் சொல்லி, அதைப் படித்தவர் ஒருவரைக் குழுவில் உட்கார வையுங்கள். இதற்குப் பைசா செலவில்லை. படிக்கத்தான் வேண்டும், அதுதான் கஷ்டம்.

நிருபர் தம்பிகளுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை பச்சைக் குடுவையோடு யாராவது கூப்பிட்டால் போங்க, போட்டோவும் எடுங்க. ஆனால் மூணு கேள்வி கேளுங்க. எந்த செல், அது அந்த செல்தான் என்று டி.என்.ஏ. சோதனை பண்ணினீங்களா? நல்ல செல்லில் இதே சாறு என்ன செய்தது? எலிக்காவது கொடுத்தீங்களா? பதில் வரவில்லை என்றால் தலைப்பில் "மருந்து" என்ற வார்த்தையை எடுத்துடுங்க. பின்னால் நிற்கிற பெண்ணின் பேரைக் கேட்டுப் போடுங்க. என் சித்திக்கு போனில் பதில் சொல்கிற வேலையாவது எனக்கு மிச்சமாகும்.