‘டாக்டர் மேல கேஸ் போட்டு ஜெயிச்சவன் உண்டா?’

ஆஸ்பத்திரியில் போன உயிருக்காகப் போட்ட பந்தலில் இந்தக் கேள்வி ஒருமுறையாவது எழும். இளையவர் யாராவது “என்ன ஊசி போட்டாங்கன்னு விசாரிக்கணும்” என்று ஆரம்பிப்பார். பெரியவர் ஒருவர் அடக்குவார்: “டாக்டர் மேல கேஸ் போட்டு ஜெயிச்சவன் உண்டா? போனது போச்சு. ஆக வேண்டியதைப் பாருங்கப்பா.”

அடக்க முடியாத குடும்பம் ஆஸ்பத்திரி வாசலில் மறியலுக்கு உட்காரும். போலீஸ் வரும், பேச்சுவார்த்தை நடக்கும், இரவோடு இரவாக ஒரு தொகை கைமாறும். வாய்மூடிப் போகிறவரும் மறியல் செய்கிறவரும் நம்புவது ஒன்றையேதான்: சட்டத்தில் நமக்கு வாசல் இல்லை. இந்த நம்பிக்கையைத் தாங்கி நிற்கும் காரணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

1. “டாக்டருக்கு எதிரா இன்னொரு டாக்டர் சாட்சி சொல்ல மாட்டார்.”

பாதி உண்மை. சக மருத்துவர்கள் தயங்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஐதராபாத்தில் 2002-ல், மலேரியா துறையிலேயே வேலை பார்த்த ஒருவர், விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் குளிருமாக இருந்த மனைவியைத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். அங்கே டைஃபாய்டுக்கு வைத்தியம் பார்த்தார்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றியபோது காலம் கடந்திருந்தது. இரத்தப் பரிசோதனை மலேரியா என்றது. மாவட்ட நுகர்வோர் மன்றம் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. நிபுணர் கருத்து இல்லை என்று மாநில ஆணையம் அதைத் தள்ளியது. தேசிய ஆணையமும் ஆமோதித்தது. 2010-ல் உச்ச நீதிமன்றம் மாவட்ட மன்றத்தின் தீர்ப்பையே மீட்டுக் கொடுத்தது. பிழை பார்த்த கண்ணுக்கே தெரிகிறபோது ஒவ்வொரு வழக்கிலும் நிபுணர் வேண்டியதில்லை என்றது. சிக்கலான வழக்குக்கு நிபுணர் கருத்து வேண்டும்தான். அதை ஆணையமே அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களிடம் கேட்டு வாங்கலாம்.

2. “கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டோமே.”

ஒப்புதல் படிவம் அடிமைச் சாசனம் அல்ல. சொன்ன சிகிச்சைக்கு, சொன்ன அபாயங்களை ஏற்றுக்கொண்டு தரும் சம்மதம் அது. கவனக்குறைவுக்கு யாரும் முன்கூட்டியே சம்மதம் தர முடியாது. டெல்லியில் ஒரு பெண் லேப்ராஸ்கோப்பிக்குக் கையெழுத்திட்டிருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, சுயநினைவு திரும்பியதும் அவரிடமே கேட்டிருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு வெறும் 25,000 ரூபாய்தான். ஆனால் ஒன்றுக்கு வாங்கிய கையெழுத்து மற்றொன்றுக்குச் செல்லாது என்பது அன்று உறுதியானது.

3. “கேஸ் ஷீட் அவங்க கையில. நாம என்னத்தைக் காட்டுறது?”

எழுந்து போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான். 2002-ம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்டால் காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அதன் பிறகும் தரவில்லையென்றால் அந்த மறுப்பே அவர்களுக்கு எதிராகப் பேசும்.

இரண்டு எச்சரிக்கைகள். டிஸ்சார்ஜ் சம்மரி வேறு, கேஸ் ஷீட் வேறு. எந்த மணிக்கு எந்த மருந்து ஏறியது, நாடித்துடிப்பு எப்போது இறங்கியது என்பதெல்லாம் செவிலியர் குறிப்பிலும் மயக்க மருந்துப் பதிவிலும்தான் இருக்கும். முழுவதையும் கேட்க வேண்டும். அடுத்தது, “உடம்பை அறுக்க வேண்டாம்” என்று எழுதிக்கொடுத்து வாங்கிவருவது. வலி புரிகிறது. ஆனால் சாவுக்குக் காரணம் எது என்று பின்னால் கேள்வி வரும்போது, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை இல்லாத குடும்பம் வெறுங்கையோடு நிற்கும்.

4. “அரசு ஆஸ்பத்திரி மேல போடவே முடியாது.”

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்திலேயே ஒரு குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். ஏறக்குறைய 25 நாள் உள்ளே வைத்திருந்து அனுப்பினார்கள். குறைமாதக் குழந்தைக்கு விழித்திரை பாதிக்கப்படலாம், சில வாரங்களுக்குள் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. சோதிக்கவும் இல்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையிழந்தது. சொன்னோம் என்றது எதிர்த்தரப்பு. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுத்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏறக்குறைய 1.8 கோடியாக உயர்த்தியது. பெரும்பங்கைத் தமிழக அரசின் தலையில் வைத்தது.

எந்த வாசல் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் முடிவானது. கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் ஒன்றாக இருந்தால் இலவச நோயாளியும் நுகர்வோரே. எல்லோருக்கும் முழுக்க இலவசம் என்றால்தான் அந்தச் சட்டம் பொருந்தாது. அப்போதும் உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் அறுவையின்போது வயிற்றுக்குள் துண்டை விட்டுத் தைத்ததால் ஒரு பெண் இறந்த வழக்கில், மாநில அரசு பொறுப்பு என்ற தீர்ப்பு அந்த வழியில்தான் வந்தது. 2019-ன் புதிய நுகர்வோர் சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லாததால் மருத்துவர்கள் தப்பித்தார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

5. “வக்கீலுக்குக் கொடுத்தே வீடு போயிடும்.”

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் கட்டாயமில்லை, பாதிக்கப்பட்டவரே வாதாடலாம். மனுக் கட்டணம், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை வைத்துக் கணக்காகிறது. 5 லட்சம் வரை கட்டியிருந்தால் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை கட்டியவர் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும் திருச்சிக்காரர் திருச்சியிலேயே தாக்கல் செய்யலாம். சிக்கலான வழக்கில் நல்ல வக்கீல் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. வாசற்படியிலேயே சொத்து கரையும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

6. “வருஷக்கணக்கா இழுப்பான்.”

இதற்கு மறுப்பு இல்லை. 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பு வேறு. ஔரங்காபாத் அறுவை நடந்தது 1963-ல். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-ல். கொல்கத்தா மருத்துவமனையில் நடந்த சிகிச்சைப் பிழையால் 1998-ல் மனைவியை இழந்த குணால் சாஹாவுக்கு, வட்டி நீங்கலாக ஏறக்குறைய 6 கோடி ரூபாய் தீர்ப்பு வாங்க 15 ஆண்டுகள் ஆயின. அவரே ஒரு மருத்துவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆணையம் தாமதிக்கலாம், நாம் தாமதிக்கக் கூடாது. புகார் கொடுக்க நமக்குள்ள காலம் 2 ஆண்டுகள். கருமாதி முடியட்டும், வருஷம் திரும்பட்டும் என்று தள்ளிக்கொண்டே போனால் அது ஓசையில்லாமல் தீர்ந்துவிடும்.

7. “போலீஸ்ல எஃப்.ஐ.ஆர் போட்டாத்தான் வழிக்கு வருவாங்க.”

பலர் முதலில் தட்டுவது இந்தக் கதவை. மிகக் கடினமான கதவும் இதுதான். மருத்துவரைக் குற்றவாளியாக்கச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும், அதற்கு முன் நடுநிலையான மருத்துவக் கருத்து வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. எஃப்.ஐ.ஆர் நிற்கவில்லை என்றதும் வழக்கே தோற்றதாக நினைத்து வீடு திரும்புகிறவர்கள் உண்டு. இழப்பீட்டுக்கு அந்த அளவு நிரூபணம் தேவையில்லை.

மருத்துவர் தரப்பு நியாயமும் இதில் இருக்கிறது. எல்லாச் சாவும் அலட்சியம் அல்ல. அதே துறையில் தேர்ந்த ஒரு சராசரி மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவரும் செய்தாரா என்பதே சட்டத்தின் அளவுகோல். அப்படிச் செய்தும் உயிர் போகலாம். அப்போது வழக்கு தோற்கும், தோற்பதே முறை. கேஸ் ஷீட்டை வாங்கி விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினால், வழக்கே வேண்டாம் என்ற முடிவுக்கும் வரலாம். எஞ்சிய காலமெல்லாம் “ஏதோ பண்ணிட்டாங்க” என்று புழுங்குவதைவிட அது மேல்.

பந்தலில் கேட்ட பெரியவருக்குப் பதில் இதுதான்: ஜெயித்தவர்கள் உண்டு. காகிதம் பேசிய இடத்தில் ஜெயித்தார்கள். அந்தக் காகிதத்தைக் கேட்க ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு வரியும் போதும்: “உள்நோயாளி எண் இன்னது. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இங்கே சிகிச்சை பெற்ற என் தாயாரின் மருத்துவப் பதிவேடுகள் முழுவதன் நகலையும் தரக் கோருகிறேன்.”