வழி சொல்லும், பழி ஏற்காது

பாலம் இருந்தது. ஆனால் முழுதாக இல்லை. உத்தரப்பிரதேசத்தின் பரேலி, பதாயூன் மாவட்டங்களை இணைக்கும் கல்பூர்-தாதாகஞ்ச் சாலையில், ராம்கங்கை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் ஏற்கனவே கொண்டுபோயிருந்தது. 2024 நவம்பர் 24 அன்று அதில் ஏறிய கார் ஒன்று ஆற்றுக்குள் விழுந்தது. காரில் இருந்த மூவரும் இறந்தனர். செல்போன் காட்டிய வழியை நம்பியே அவர்கள் வந்ததாகச் சொல்லப்பட்டது. பாலத்தின் வாயிலில் தடுப்பு இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை என்பது புகார். போலீசார் பதிவு செய்த வழக்கில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் நால்வரோடு கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவரும் சேர்க்கப்பட்டார். வழிகாட்டும் மென்பொருளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முயன்ற வழக்கு.

உண்மையில் ஜி.பி.எஸ்.ஸுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அமெரிக்க அரசு இயக்கும் சுமார் 30 செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞைகளைப் பெற்று, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, ‘நீங்கள் இருப்பது இங்கே’ என்கிறது செல்போன். திறந்தவெளியில் சில மீட்டர்தான் பிசகும். அதோடு அதன் வேலை முடிந்தது. எதிரே சாலை இருக்கிறதா, நேற்றைய மழையில் தரைப்பாலம் மூழ்கிவிட்டதா என்பது கோள்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது வரைபடம். அதுவோ யாரோ, எப்போதோ திரட்டிய தகவல். இடம் துல்லியமானது, தகவல் பழையதாக இருக்கலாம். ஒரே திரையில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அளவு உண்மையாகத் தெரிகின்றன. ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

காகித வரைபடம் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். உடைந்த பாலத்தை அதுவும் காட்டியிருக்காதுதான். ஆனால் காகிதம் தன் வயதை மறைப்பதில்லை. 1767ல் தொடங்கப்பட்ட சர்வே ஆஃப் இந்தியாவின் தாள்களில், நிலத்தை அளந்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். 20 ஆண்டுக்கு முந்தைய தாள் என்று தெரிந்தால் படிப்பவர் தானாகவே உஷாராகிவிடுவார். தார்ச்சாலைக்கு ஒரு குறி, வண்டிப்பாதைக்கு வேறு குறி, ஒற்றையடிப் பாதைக்கு இன்னொன்று. ஆறும் மேடும் பள்ளமும் ஒரே பார்வையில் விரியும். எந்த இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும் என்பது வண்டியைக் கிளப்பும் முன்பே மனதில் பதிந்துவிடும். செல்போன் திரையோ அடுத்த திருப்பத்தை மட்டும் காட்டி ஓட்டிச் செல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காகிதம் உத்தரவு போடுவதில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவு செய்ய வேண்டியது அதைப் படிப்பவரே.

செல்போனில் வரைபடம் வருவதற்கு முன்பே இந்தப் பாடத்தைக் கடல் கற்றுத்தந்தது. 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது ‘ராயல் மெஜஸ்டி’ என்ற பயணக் கப்பல். கப்பலில் இருந்தவர்கள் 1,500க்கும் மேல். கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை, உத்தேசக் கணக்கில் இடத்தைக் காட்டிக்கொண்டே வந்தது. அப்படி ஆகிவிட்டதைச் சொல்லும் சிறிய எழுத்துகளை யாரும் கவனிக்கவில்லை. சுமார் 34 மணி நேரம் கழித்து, போக வேண்டிய பாதையிலிருந்து 17 மைல் விலகி, நான்டக்கெட் தீவுக்கு அருகே மணல்திட்டில் கப்பல் தட்டி நின்றது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: மாலுமிகளிடம் காகித வரைபடமும் இருந்தது. மணிக்கு மணி அதில் குறித்தும் வந்தார்கள். ஆனால் குறித்தது கருவி சொன்ன இடத்தையே. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கருவிகளை அளவுக்கு மீறி நம்பியதே விபத்துக்குக் காரணங்களில் ஒன்று என்றது அமெரிக்க விசாரணை. ஜி.பி.எஸ்.ஸை உருவாக்கிய அந்த நாட்டின் கடற்படைக் கல்லூரி, நட்சத்திரங்களைப் பார்த்து இடமறியும் பாடத்தை ஒருகட்டத்தில் கைவிட்டது. 2015ல் அதை மீண்டும் கொண்டுவந்தது.

இந்தியாவின் கதை சற்று வேறு. இங்கே செல்போன் பறித்துக்கொண்டது காகித வரைபடத்தை அல்ல. பாதுகாப்பைக் காரணம் காட்டி எல்லைப்புற, கடலோரப் பகுதிகளின் தாள்கள் பல பத்தாண்டுகள் சாதாரண மக்களுக்கு மறுக்கப்பட்டன. பொதுமக்களுக்கென்று தனி வரிசையை 2005ன் தேசிய வரைபடக் கொள்கைதான் ஏற்படுத்தியது; கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தது 2021ல். வரைபடம் பழகாத தேசம் வழிகேட்டே வண்டி ஓட்டியது: தாபாவில், டீக்கடையில், பெட்ரோல் பங்கில், எதிரே சைக்கிளில் வருபவரிடம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நெடுஞ்சாலைக்கும் பொருந்தியது. தப்பு வழி சொன்னவர்களும் உண்டுதான். ஆனால் ‘பாலம் போயிடுச்சு, சுத்திப் போங்க’ என்ற சேதி செல்போனுக்கு வருமுன் டீக்கடைக்கு வந்துவிடும். பறிபோனது இந்தப் பழக்கம்.

பழக்கம் போனதன் விலை கேரளத்தில் தெரிந்தது. 2023 அக்டோபர் 1 நள்ளிரவு தாண்டிய நேரம், கொட்டும் மழையில் எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில் ஒரு கார் ஆற்றில் இறங்கியது. எதிரே தெரிந்த தண்ணீர், சாலையில் தேங்கிய மழைநீர் போலவே இருந்தது. இளம் டாக்டர்கள் இருவர் இறந்தனர். உடன் வந்த மூவர் மீட்கப்பட்டனர். 2024 மேயில் கோட்டயம் மாவட்டம் குருப்பந்தறையில், ஹைதராபாத்திலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் ஓடைக்குள் இறங்கியது. நால்வரும் உயிர் தப்பினர். மழைக்காலத்தில் செல்போன் வழிகாட்டியைக் கண்மூடி நம்ப வேண்டாம் என்று கேரளப் போலீசார் அறிவுறுத்தியிருக்கிறார்கள்.

ஜி.பி.எஸ்.ஸைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. தெரியாத நகரத்தில் இரவில் ஆஸ்பத்திரி தேடுபவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை. புறப்படும் முன் முழு வழியையும் ஒருமுறை விரித்துப் பார்த்து, கடக்க வேண்டிய ஊர்களையும் ஆறுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். மழையிலும் இருட்டிலும் பத்து நிமிட மிச்சத்துக்காகப் பெரிய சாலையை விட்டுக் குறுக்கு வழியில் இறங்காமல் இருக்கலாம். சந்தேகம் வந்தால் கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை கேட்கலாம். உடைந்த பாலத்தின் வாயிலில் குறுக்குச் சுவர் எழுப்ப அரசுக்கும் செயற்கைக்கோள் தேவையில்லை. ஒரு கொத்தனார் போதும்.

வழி தவறினால் கருவி நொடியில் புதுவழி கணக்கிட்டுத் தரும். பாலம் முடிந்த இடத்தில் அந்த வசதி இல்லை.