பதினைந்து மரங்களும் ஒரு மதகுச் சாவியும்

முல்லைப்பெரியாறு அணையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொல்லிக் கட்டுரை எழுதிய அறிஞர் பெருமகனுக்கு, அந்த அணைத் தண்ணீரில் விளையும் அனுமந்தன்பட்டி வயற்காட்டிலிருந்து வணக்கம். அவருடைய முதல் ஆயுதம் வயது. 1895-இல் முடிந்த அணை, சுண்ணாம்பும் செங்கல்தூளான சுர்க்கியும் குழைத்த கட்டு, எனவே இற்றுப்போயிருக்கும்! பலப்படுத்துவதற்காக என்று 1979-இல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கிய பிறகு, உச்சியில் கான்கிரீட் தொப்பி வைத்ததும், அடிப்பாறைவரை துளையிட்டு எஃகு வடங்களை இறக்கி இழுத்துக் கட்டியதும், பின்புறம் கான்கிரீட் முட்டுச்சுவர் எழுப்பியதும் அவர் கண்ணில் படவில்லையா, பட்டதை எழுதினால் கட்டுரையே படுத்துவிடும் என்று விட்டுவிட்டாரா? நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு துருவிப் பார்த்து அணை பாதுகாப்பாகவே இருக்கிறது என்றது; 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 142 அடிவரை தேக்கலாம் என்றார்கள். இவர்கள் அனைவரையும்விட நீரியல் கற்றவர் நம் அறிஞர்.

அடுத்து, ‘பராமரிப்பு போதாது’ என்கிறார். இதைச் சொல்ல நாக்கு கூச வேண்டாமா? முதன்மை அணையை ஒட்டிய சிறு துணை அணையான பேபி அணையைத் தமிழகம் பலப்படுத்த 15 மரங்களை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் அதற்கு வந்த அனுமதியைக் கேரள அரசு சில நாளிலேயே பிடுங்கிக்கொண்டு, கையெழுத்திட்ட வனத்துறை அதிகாரியையும் இடைநீக்கம் செய்தது. 2024 டிசம்பரில் பராமரிப்புப் பொருள் ஏற்றிப்போன லாரிகள் வல்லக்கடவு சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டன. மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டவரே நோயாளி தேறவில்லை என்று ஒப்பாரி வைத்தால் அதற்குப் பெயர் அக்கறையா? இதில் இன்னொரு வேடிக்கை: 15 மரங்களுக்காக உருகிய கேரள அரசின் நெஞ்சு, புலிகள் காப்பகத்துக்குள் புதிய அணை எழுப்பக் காட்டை அழிக்க வேண்டியிருக்குமே என்று ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை.

‘தண்ணீர் வெடிகுண்டு’ என்கிறார். தேக்கடி ஏரி வானத்திலிருந்து குதித்ததா? அணை தேக்கிய தண்ணீர்தானே அது! அந்தக் ‘குண்டின்’ மேல்தான் டிக்கெட் போட்டுச் சுற்றுலாப் படகு ஓடுகிறது. 1970 ஒப்பந்தப்படி மீன்பிடி உரிமையும் கேரளத்துக்கே. 2009 செப்டம்பர் 30-இல் அந்த ஏரியில் 45 பேரைப் பலிகொண்டது கவிழ்ந்த படகு, அணையல்ல. ஆனாலும் படகுத்துறையை இடிக்கச் சொல்லி எவரும் கட்டுரை எழுதவில்லை. அணைக்குக் கீழே வாழும் வண்டிப்பெரியாற்று மக்களின் அச்சத்தை நான் பரிகசிக்க மாட்டேன், அது உண்மை. உண்மை என்பதால்தான் பேபி அணை வேலையை மறிப்பவர்களிடம் அவர்கள் கணக்குக் கேட்க வேண்டும்.

பின் எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? கேரளத்தில் நிற்கும் அணையைத் தமிழகத்தின் கையில் வைத்திருக்கும், 1886-இல் 8,000 ஏக்கருக்கு எழுதிய 999 ஆண்டுக் குத்தகை இருக்கிறதே, தொண்டையில் சிக்கிய முள் அதுதான். புதிய அணை என்றால் புதிய ஒப்பந்தம். ‘தமிழகத்துக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு’ என்ற முழக்கத்தை அறிஞரும் வாய் நிறைய ஒப்பிக்கிறார். நல்லது. ஜூனில் எங்கள் முதல்போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் உரிமை, அந்தப் புதிய அணையில் யார் கையில் இருக்கும்? இவ்வளவு நீண்ட கட்டுரையில் இதற்கு ஒரு வரி எழுத மட்டும் அவருக்கு இடம் போதவில்லை.